பத்திரமா இருக்கு, சித்தி

நான் ஒரு பள்ளி நூலகர். பதினோரு வருடமாக, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் என் அக்கா மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் ஒன்பது புத்தகங்களில் ஒன்றைக்கூட அவன் படிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. வீட்டுக்குப் போயிருந்தபோது, "போன தடவை குடுத்த புக் என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்கு, சித்தி."

கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பத்திரமாகத்தான் வைத்திருந்தான். அலமாரியில் ஒன்பதும் நான் கொடுத்த வரிசையிலேயே நின்றன. ஒன்றின் முதுகில்கூட ஒரு மடிப்பு விழவில்லை. பக்க அடையாளத்துக்காக நானே ஆசையாகச் செருகிக் கொடுத்த அட்டை, முதல் அத்தியாயத்தில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்று இரவு அந்த ஒன்பது தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஐந்து, நான் அவன் வயதில் உருகி உருகிப் படித்தவை. மூன்று, ஏதோ பரிசு வாங்கியவை. மிச்சமிருந்த ஒன்று, நேரத்தை ஒழுங்காகச் செலவழிக்கக் கற்றுக்கொடுக்கும் என்று நானே முடிவு கட்டி வாங்கியது. அவனை மனதில் வைத்து வாங்கியது எது என்று தேடினால் ஒன்றும் தேறவில்லை. பள்ளியிலும் இதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கே அதை என் முகத்துக்கு நேராகச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சில வாரங்கள் லைப்ரரி பீரியடில் புத்தகம் எடுத்துக் கொடுப்பதை நிறுத்தினேன். படிக்கப் பிடிக்காத பிள்ளைகள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் கண்ணில் நிற்கிறான். அலமாரியிலிருந்து ஒன்றை உருவினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கனம் பார்த்தான். கடைசிப் பக்கத்துக்குப் போய் எண்ணைப் பார்த்தான். நடுவில் எங்கோ ஒரு இடத்தில் பிரித்து, ஒரு பார்வை பார்த்து, மூடி, இருந்த இடத்திலேயே செருகினான். எல்லாம் சேர்த்து ஏழெட்டு நொடி. பின்னட்டையைத் திருப்பவே இல்லை. நானோ அதுவரை பின்னட்டைக் குறிப்பை வாசித்துக் காட்டித்தான் பிள்ளைகளை இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடுவுல என்னடா பார்த்த?" என்று கேட்டேன்.

"எழுத்து எவ்ளோ அடைச்சிருக்குன்னு பார்த்தேன், மிஸ்."

அவன் பக்கத்தைப் படிக்கவில்லை, ஒரு படத்தைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறான். கறுப்பாக அடைத்திருந்தால் வேண்டாம், வெள்ளை தெரிந்தால் யோசிக்கலாம். பேச்சு நிறைய வரும் பக்கத்தில் வெள்ளை அதிகம். அத்தியாயம் சின்னதாக இருந்தால் நாலைந்து பக்கத்துக்கு ஒரு முறை அரைப் பக்கம் காலியாகக் கிடக்கும், அது ஒரு திண்ணை மாதிரி. இதெல்லாம் தெரிந்த பிறகு அலமாரியே எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

முன்பெல்லாம் இந்தக் கனம் பார்க்கிற பழக்கத்தைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 200 பக்கம், பக்கத்துக்கு 250 சொல் என்றால் மொத்தம் 50,000 சொல். ஆங்கிலத்தில் கதைப் புத்தகம் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 260 சொல் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியலாளர் 2019இல் சொன்னார். அந்த வேகத்தில் போனால் மூன்றேகால் மணி நேரத்தில் புத்தகம் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 100 சொல் படிக்கிற பையனுக்கு அதே புத்தகம் எட்டு மணி இருபது நிமிடம். நமக்கு ஒரு மாலைப்பொழுது, அவனுக்கு ஒரு முழு வேலைநாள். விரல் வைத்துக் கனம் பார்த்தவன் என்னைவிடச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்.

அதனால் முதல் புத்தகம் என்றால் இப்போது நான் 100 பக்கத்தைத் தாண்டுவதில்லை. 60 என்றாலும் சரிதான். ஒரு புத்தகத்தை முடித்துத் திருப்பிக் கொடுக்கிற அனுபவமே வாழ்க்கையில் இல்லாத பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை எப்படியாவது திறந்து வைக்க வேண்டும்.

ஒல்லியான புத்தகம் என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். பத்தாம் வகுப்பில் ஒருவன், படிப்பதற்கு ரொம்பச் சிரமப்படுபவன். அவனுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மெல்லிய கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் சட்டை போட்ட ஒரு முயல். வாங்கியவன் அதை அப்படியே நோட்டுக்கு அடியில் தள்ளி மறைத்தான். அடுத்த பீரியடில் ஒரு வார்த்தை பேசாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு மூன்று மாதம் நூலகத்துக்குள் வரவே இல்லை. அவன் மீசை அரும்பும் வயதில், நண்பர்கள் பார்க்க, நான் கையில் கொடுத்தது ஒரு முயல்.

மொழி எளிதாக இருக்கலாம், விஷயம் அவன் வயதுக்குக் குறையக் கூடாது. இதற்கென்றே புத்தகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஹை-லோ' என்று சொல்வார்கள்: ஆர்வம் அதிகம், மொழிக் கடினம் குறைவு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கிய பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம் இப்படிப்பட்ட மெல்லிய புத்தகங்களைக் கண் கூசாத இளமஞ்சள் தாளில், எழுத்து ஒன்றோடொன்று குழம்பாத அச்சில் போடுகிறது. அட்டையைப் பார்த்தால் சிரமப்படுகிறவர்களுக்கான புத்தகம் என்றே தெரியாது. அதுதான் அதன் சூட்சுமம். உங்கள் கைக்கு அப்படிப்பட்டவை கிடைக்காவிட்டால், உண்மைச் சம்பவங்களைப் படங்களோடு சொல்லும் புத்தகங்களில் தேடலாம். அவை சுருக்கமாகவும் இருக்கும், குழந்தைத்தனமாகவும் தெரியாது.

"எனக்குப் படிக்கப் பிடிக்காது" என்கிற வாக்கியத்தை இப்போது நான் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சல் மாதிரி, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. சிலருக்குப் புத்தகம் என்றாலே பரீட்சை. படித்து முடித்ததும் யாரோ கேள்வி கேட்பார்கள் என்கிற பயம். சிலர் நன்றாகவே படிப்பார்கள், நேரம்தான் இல்லை. இவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, விடுமுறையில் திரும்பி வந்துவிடுவார்கள். கவலைப்பட வேண்டியது, படிக்க முடியாததைப் 'பிடிக்காது' என்று சொல்லி மறைப்பவர்களைப் பற்றி. பதின்ம வயதில் முடியாது என்று சொல்வதைவிடப் பிடிக்காது என்று சொல்வதில்தான் மரியாதை இருக்கிறது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எந்தக் கதையைக் கொடுத்தாலும் "போர், மிஸ்" என்பாள். ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு மர்மக் கதையின் முதல் பக்கத்தை நானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முடிப்பதற்குள், "அந்த வாட்ச்மேன் பொய் சொல்றான்" என்றாள். நான் அதே கதையை முன்பு படித்தபோது நாற்பதாம் பக்கத்தில்தான் அதைக் கண்டுபிடித்தேன். அடுத்த பக்கத்தை அவளை வாசிக்கச் சொன்னேன். வரிக்கு அடியில் விரல். அப்படியும் ஒரு வரி தாண்டிப் போனது. சின்னச் சின்னச் சொற்கள் காணாமல் போயின. நீளமான சொல் வந்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்தாள். பக்கத்தின் பாதியில் கழுத்து வியர்த்துவிட்டது.

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், காதால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் கிடையாது, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையே பூஜ்யம். அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது எண் பெரியது, முதல் எண் சின்னது. அவள் வீட்டில் பேசி, முறையாகச் சோதித்தபோது டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைக் கூட்டிப் படிப்பதில் வரும் குறைபாடு, என்று தெரிந்தது. எட்டாம் வகுப்பு வரை யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அதற்குப் பிறகு அவளுக்கு நான் தேர்ந்தெடுத்தவை ஒலிப்புத்தகம் உள்ள கதைகள். காதில் குரல், கையில் அதே புத்தகம். கதைகளை ஒரு வேட்டைக்காரி மாதிரி முடித்தாள். காதால் கேட்பதெல்லாம் படிப்பதாகுமா என்று ஒரு ஆசிரியர் என்னிடம் கேட்டார். வாட்ச்மேன் பொய் சொல்கிறான் என்று அவருக்கு எந்தப் பக்கத்தில் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்தச் சோதனைக்கு நூலகராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். ஒரு பக்கம் நீங்கள் வாசியுங்கள், அடுத்த பக்கம் பிள்ளை வாசிக்கட்டும். தனியாக இருக்கும்போது செய்யுங்கள், தம்பி தங்கைக்கு முன்னால் வேண்டாம்.

படிக்கத் தெரிந்தும் திணறுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் சொல் பிரச்சினை. தொடக்கப் பள்ளிகளில் ஐந்து விரல் கணக்கு ஒன்று உண்டு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பாட்டி வைத்தியம் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டாம் மொழியில் கதை படிப்பவர்களை வைத்து ஹூ, நேஷன் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் செய்த ஆய்வு, உதவியில்லாமல் புரிந்து படிக்க 100க்குச் சுமார் 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்றது. 250 சொல் உள்ள பக்கத்தில் இரண்டு சதவீதம் எவ்வளவு? ஐந்து. விரலும் ஆய்வும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்று வளரும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். "படிக்க மாட்டேங்கிறான்" என்று அழைத்து வரப்படும் பிள்ளைகளில் சிலருக்கு நான் செய்தது, புத்தகத்தின் மொழியை மாற்றியது மட்டும்தான்.

சரி, அக்கா மகனுக்கு வருவோம்.

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனும் கையுமா கிடக்கான்" என்று அக்கா புலம்பினாள். வழக்கமாக நானும் சேர்ந்து புலம்புவேன். அன்று அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னடா பாக்குற?" என்றேன். தயங்கித் தயங்கித் திரையைத் திருப்பினான். விமான விபத்து விசாரணை. நாற்பது நிமிடக் காணொளி. இருவரும் சேர்ந்து பார்த்தோம். நடுநடுவே நிறுத்தி எனக்குப் பாடம் எடுத்தான். கருப்புப் பெட்டி கறுப்பாக இருக்காதாம், தேடும்போது கண்ணில் படுவதற்காக ஆரஞ்சு நிறத்தில் இருக்குமாம். 1977இல் டெனரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் செத்ததைச் சொல்லும்போது, யார் எந்த வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பது வரைக்கும் சொன்னான். ஒரு பக்கம் படிக்கப் பொறுமை இல்லாதவன் என்று குடும்பமே முடிவு கட்டிய பிள்ளை.

அவனிடம் நான் அதுவரை கேட்டதெல்லாம் "உனக்கு என்ன மாதிரி புக் பிடிக்கும்?" என்கிற கேள்விதான். புத்தகமே படிக்காதவனிடம் போய்க் கேட்கிற கேள்வியா இது? இப்போதெல்லாம் புதிதாக வரும் பிள்ளையிடம் நான் கேட்பது, "நேத்து ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி என்ன பார்த்துட்டிருந்த?" பொய் சொல்லாமல் பதில் வரும். முதலில் கொஞ்சம் முழிப்பார்கள், அப்புறம் சொல்வார்கள்.

ஒரு விபத்துக்கு ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம், நடுவில் புகைப்படங்கள், அப்படி ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். இலக்கியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. கொடுக்கும்போது அதைப் பற்றி எதுவும் பேசாமல், கனடாவில் 1983இல் நடந்த ஒன்றை மட்டும் கதையாகச் சொன்னேன். புத்தம் புது போயிங் 767. எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டில் கணக்கிட்டுவிட்டார்கள், தேவையானதில் பாதிகூட ஏற்றவில்லை. 41,000 அடி உயரத்தில் ஒரு எஞ்சின் நின்றது, கொஞ்ச நேரத்தில் அடுத்ததும். விமானி பழைய விமானப்படைத் தளம் ஒன்றைக் குறிவைத்து இறங்குகிறார், ஆனால் அந்த ஓடுபாதை கார்ப் பந்தயத் தடமாக மாறிவிட்டது அவருக்குத் தெரியாது. அங்கே அன்றைக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"புக்ல இருக்கு. நாலாவது சாப்டர்."

என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! பிடுங்கிக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் புத்தகத்தை அலமாரியில் பார்த்தேன். நாலாவது அத்தியாயத்தில் முதுகு மடிந்திருந்தது. ஒன்பதாவதில் ஒரு மடிப்பு, இரண்டாவதில் ஒன்று. "முதல்லேர்ந்து படிக்கணுமா, சித்தி?" என்று சந்தேகமாகக் கேட்டான். இதற்கு முன் எத்தனை புத்தகங்களை அவன் முதல் பக்கத்திலேயே கைவிட்டிருப்பான் என்று அப்போதுதான் தோன்றியது. எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கக்கூடிய புத்தகம் என்று ஒரு வகை இருக்கிறது, வாசிக்க மறுப்பவர்களுக்கு அதைப் போல நல்ல வாசல் கிடையாது. கின்னஸ் சாதனைப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டையாடப்படும் பறவைகளில் எது வேகமாகப் பறக்கும் என்று கிளம்பிய ஒரு வாக்குவாதத்தில் முளைத்து 1955இல் வெளிவந்தது அது. எங்கள் நூலகத்தில் அதன் பழைய பிரதி கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்திருக்கிறது. இரண்டு தலைகள் சேர்ந்து குனிந்து, சத்தம் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டே படிக்கும் புத்தகம். முன்பு அதை எடுப்பவர்களை "கதைப் புத்தகம் எடுப்பா" என்று விரட்டியிருக்கிறேன்.

முதல் வெற்றி வந்தவுடன் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். 'ஆஹா, பிள்ளை படிக்க ஆரம்பித்துவிட்டான்' என்று அடுத்த வாரமே ஒரு விமானியைப் பற்றிய கனமான நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விமானம் இருந்தால் போதும் என்று நினைப்பு. ஒரு மாதம் கழித்துக் கேட்டால், பழைய பதில்: பத்திரமாக இருந்தது. அவனுக்குப் பிடித்தது விமானம் இல்லை என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ ஒன்று உடைகிறது, யார் தப்பு, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அவனை இழுத்தது. அது புரிந்ததும் பக்கவாட்டில் நகர்ந்தேன். கப்பல் மூழ்கியது, மலையேறப் போய்ச் சிக்கியது, 1940இல் அமெரிக்காவின் டகோமா பாலம் திறந்து நான்கே மாதத்தில் காற்றில் நெளிந்து விழுந்தது. பிறகு துப்பறியும் கதை ஒன்று, மெல்லியது. அதிலும் ஏதோ உடைந்திருந்தது, யாரோ கண்டுபிடித்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பிடித்த புத்தகத்தில் மேலே தெரியும் பொருளைவிட அடியில் ஓடுவதைப் பிடித்தால்தான் அடுத்த புத்தகம் அமையும். இதற்கு எனக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் பிடித்தது.

ஒரே ஒரு புத்தகத்தை நீட்டுவதை நான் விட்டுவிட்டேன். ஒன்றை நீட்டினால் அவனுக்கு இருக்கும் வழி இரண்டே: வாங்கிக்கொள்வது, மறுப்பது. மறுப்பது மரியாதையில்லை என்பதால் வாங்கிக்கொண்டு பத்திரமாக வைக்கிறார்கள். இப்போது ஐந்தை மேஜையில் பரப்புகிறேன். ஒன்று படக்கதை, ஒன்று உண்மைச் சம்பவம், ஒன்று எங்கும் பிரித்துப் படிக்கக்கூடியது, ஒன்று எனக்கே பிடிக்காதது. ஐந்தாவது அன்றைக்குக் கையில் எது வருகிறதோ அது. பரப்பிவிட்டு எழுந்து போய்விடுவேன். பக்கத்தில் நின்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எனக்குப் பிடிக்காததுதான் அடிக்கடி போகிறது, இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிடிக்காவிட்டால் பாதியில் விடலாம் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியராகவும் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று பட்டியல் போட்டார். முதல் உரிமையே படிக்காமல் இருப்பது, அடுத்தது பக்கங்களைத் தாண்டிப் போவது, மூன்றாவது முடிக்காமல் விடுவது. அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் வாய்ப்புக் கொடுக்கச் சொல்வார். என் பிள்ளைகள் சிலருக்கு 50 பக்கம் என்பதே ஒரு முழுப் புத்தகம், அதனால் நான் பத்துப் பக்கம் என்று வைத்திருக்கிறேன். விடலாம் என்று தெரிந்தால்தான் எடுக்கவே துணிவு வருகிறது. மூன்று புத்தகத்தை விட்டவன் நான்காவதைத் தானே தேடி வந்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

காமிக்ஸ் விஷயத்தில் எனக்கும் சக ஆசிரியர் ஒருவருக்கும் நடந்த வாக்குவாதம் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். பொம்மை பார்ப்பது வாசிப்பா என்பது அவர் கட்சி. யூதப் படுகொலையில் தப்பிய தன் தந்தையின் கதையை எலிகளும் பூனைகளுமாக வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' படக்கதைக்கு 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள் என்றேன். அவர் மசியவில்லை. பிறகு மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை ஒன்றைக் கையில் கொடுத்தேன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது தெரியாமல் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் குழம்பினார். பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ரொம்பப் பொறுமையாக, "இப்படி, சார்" என்று திருப்பிக் கொடுத்தான். அந்தப் பையன் வாயைத் திறந்து ஒரு ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

கவிதை வடிவ நாவல்களும் இந்தக் கூட்டத்துக்கு நன்றாக ஒத்துவரும், நிறையப் பேருக்குத் தெரியாது. வரி குட்டை, பக்கம் முழுக்க வெள்ளை, ஆனால் கதை கனமாக இருக்கும். க்வாமே அலெக்சாண்டர் கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்களைப் பற்றி அப்படி எழுதிய நாவல்தான் 2015இல் சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்கப் பரிசான நியூபெரி பதக்கம் வாங்கியது. 200 பக்கத்துக்கு மேல் இருந்தும் கனம் பார்க்கிற பையன்கள் ஒரு வார இறுதியில் முடிக்கிறார்கள். "நான் இருநூறு பக்கம் படிச்சேன்" என்று அவர்கள் சொல்லிக்கொள்ளும்போது நான் வரிகளை எண்ணச் சொல்வதில்லை.

நான் ரொம்ப நம்பிக் கெட்ட இன்னொரு விஷயம், கண்ணாடி. புத்தகங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற கல்வியாளர் 1990இல் எழுதியது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணாடியை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். பெற்றோர் பிரிந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு, பெற்றோர் பிரிந்த ஒரு பெண்ணின் கதையைக் கொடுத்தேன். அக்கறைதான், வேறென்ன. மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது வீட்லயே இருக்கு, மிஸ்" என்றாள்.

அவள் தானாக எடுத்தது அண்டார்க்டிகா. துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1915இல் பனியில் நசுங்கி மூழ்கிய கதை. முதலில் கடைசிப் பக்கங்களைப் படித்தாள். கப்பலில் இருந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதை உறுதி செய்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் முதல் பக்கத்துக்கு வந்தாள். முடிவைத் தெரிந்துகொண்டு படித்தால் என்ன சுவாரசியம் என்று கேட்க வாயெடுத்தேன், நல்லவேளை கேட்கவில்லை. யாரும் சாகவில்லை என்று தெரிந்தால்தான் அவளால் அந்தப் பனிக்குள் இறங்க முடிந்தது.

பரிசு வைப்பது பற்றி ஒரே ஒரு அனுபவம். ஒரு வருடம் நட்சத்திர அட்டவணை போட்டேன், ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம், அதிக நட்சத்திரத்துக்குப் பரிசு. நூலகம் திருவிழாக் கூட்டமானது. இருப்பதிலேயே ஒல்லியான புத்தகங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் காலி. ஒருவன் ஒரே நாளில் மூன்றைத் திருப்பிக் கொடுத்தான். பரிசளிப்பு முடிந்த மறுவாரம் நூலகத்தில் ஈ காக்கை இல்லை, அதற்கு முன்பு சும்மா வந்து உட்கார்ந்து படித்தவர்கள்கூடக் குறைந்துபோனார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையைப் பிறகுதான் படித்தேன். வண்ணப் பேனாவில் ஆசையாகப் படம் வரைந்த குழந்தைகளுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிற்பாடு சும்மா விட்டபோது, பரிசே பேசப்படாத குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அவர்கள் வரைந்தார்கள். அட்டவணையைக் கழற்றிவிட்டேன்.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, "அந்த புக்ல தப்பா ஏதும் இருக்கா?" என்றுதான். நியாயமான கேள்வி. பதின்ம வயதுப் புத்தகங்களில் சாவு வரும், காதல் வரும், கெட்ட வார்த்தையும் வரும். முதல் இருபது பக்கமும் நடுவில் ஒரு இருபது பக்கமும் நீங்களே படித்துவிடுங்கள், இதைத்தான் நானும் செய்கிறேன். படித்துவிட்டு ஒளித்து வைக்காமல் இருக்க வேண்டும், அது வேறு கதை.

அக்கா மகனுக்கு இப்போது பதினேழு. புத்தகப் புழுவாகிவிட்டான் என்று சொன்னால் பொய். வருடத்துக்கு நாலைந்து படிக்கிறான், போனும் கையுமாகத்தான் இருக்கிறான், அக்கா புலம்புவதும் நிற்கவில்லை. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு தடிப் புத்தகத்தை என் மடியில் போட்டான். அணு உலை விபத்து ஒன்றைப் பற்றியது. "படிச்சுப் பாருங்க, செமையா இருக்கும். முதல் அம்பது பக்கம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கோங்க."

பொறுத்துப் பார்த்தேன். எனக்கு முப்பத்தெட்டாம் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. குழாய்களும் வால்வுகளுமாக ஒரே இரைச்சல். நேற்று போனில் கேட்டான், "என்ன சித்தி, எதுவரைக்கும் வந்தீங்க?"

ஒரு நொடி யோசித்தேன்.

"பத்திரமா இருக்குடா."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "விடுங்க, விடுங்க. வேற ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்றான். "நேத்து ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி என்ன பார்த்துட்டிருந்தீங்க, சொல்லுங்க."